குருதிவழிச் சொத்து

மலாக்கா நகரிலிருந்து வடமேற்காகக் கடலை ஒட்டிச் செல்லும் சாலையில் உள்ளது தஞ்சோங் கிளிங். ‘தஞ்சோங்’ என்றால் கடலுக்குள் நீண்ட நிலமுனை. ‘கிளிங்’ என்பது, இந்தியாவின் கீழைக் கரையிலிருந்து மரக்கலமேறி வந்து வாணிகம் செய்தவர்களை மலாய் மக்கள் அந்நாளில் அழைத்த பெயர். கலிங்கம் என்னும் நாட்டின் பெயரே அவ்வாறு திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய 1511-ஆம் ஆண்டுக்கு முன்பே அத்துறைமுகத்தில் கிளிங் வணிகர் செல்வாக்குடன் வாழ்ந்தனர். பிற்காலத்தில் அச்சொல் இழிவுப் பொருளைச் சுமந்தது. மனிதரைச் சுட்டி வழங்கினால் மனம் புண்படும் நிலை ஏற்பட்டது. ஊரின் பெயராக மட்டும் அது இன்றும் நிற்கிறது. வைத்தவர் மறைந்தனர், வைத்த காரணம் மங்கியது, பெயர் மட்டும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. மனித உடலிலும் அவ்வாறு இறங்கி வருவன உண்டு.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் என்னும் சீனப் பெருவணிகர் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். அதன்பின் மலாயாவெங்கும் காடு தோட்டமாயிற்று. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணியின் சொல்லை நம்பித் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். கைத்தொழில் அறியாத கூலித் தொழிலாளர் வெளிநாடு செல்வதை இந்திய அரசு 1938-இல் தடுக்கும்வரை இந்தக் குடிபெயர்வு நீடித்தது. வந்தவர்கள் மரம் வெட்டினார்கள், பால் சுமந்தார்கள், பிள்ளைகளைப் பெற்றார்கள், அந்த மண்ணிலேயே மறைந்தார்கள். அவர்கள் குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வெட்டிய மரமும் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டம் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் அவர்தம் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறினார்கள். பிள்ளைகளுக்குப் பாட்டன் எழுதி வைத்த நிலமில்லை, வீடில்லை.

ஆயினும், சொத்தே விட்டுச் செல்லவில்லை என்று சொல்லிவிட முடியுமா? பாட்டனின் மூக்கு பேரனின் முகத்தில் இருக்கிறது. பாட்டியின் நடை பேத்தியின் காலில் இருக்கிறது. மொழியையும் வழிபாட்டையும் தந்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத வேறொன்றையும் தந்து சென்றார்கள். அது குருதிவழி வந்த சொத்து. அதில் நன்மையும் உண்டு, கடனும் உண்டு.

‘இது எங்கள் குடும்பத்து வியாதி’ என்னும் சொல்லைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் அரிது. தந்தைக்கு இனிப்பு நீர். தமையனுக்கு இனிப்பு நீர். தாய்மாமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், எழவில்லை. நாற்பதைக் கடந்த மகன், தனக்கும் அது வரும் என்று ஐயமின்றிக் காத்திருக்கிறான். அவன் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மலேசியச் சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 ஆயிற்று. இரு முறையும் இந்தியரிடையே காணப்பட்ட விகிதமே முதலிடத்தில் நின்றது.

இதைக் கண்டு, ‘இந்தியர் குருதியிலேயே ஏதோ குறை இருக்கிறது’ என்று பிறர் சொல்வதுண்டு. தமிழரே அதைத் திருப்பிச் சொல்வதும் உண்டு. ‘தலையெழுத்து’ என்று ஒரு சாரார் அடங்கிவிடுகின்றனர். உண்மை என்ன? நோய் எவ்வளவு தூரம் குருதியில் வருகிறது? எவ்வளவு தூரம் வாழ்க்கையால் வருகிறது? மரபியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுவரும் வினா இதுவே.

ஒரு மனிதனின் மரபுச் செய்தி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளால் ஆன நூலை ஒத்தது. நான்கே எழுத்துகள் மாறி மாறி வந்து அந்நூலை ஆக்குகின்றன. தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி என ஒவ்வொருவரும் இரண்டு படிகளைப் பெறுகின்றனர். அதன் வரிசையைப் படித்தறியும் பன்னாட்டு முயற்சி 2003-இல் நிறைவெய்தியதாக அறிவிக்கப்பட்டது. எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும், ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்தே வேறுபடும். இனம், நிறம், நாடு என்று மனிதர் கட்டிய சுவர்களுக்கெல்லாம் உள்ளே இருப்பது அவ்வளவு சிறிய வேறுபாடுதான். அந்தச் சிறு வேறுபாடுகளுக்குள்ளேதான் நோயின் சாயலும் மறைந்திருக்கிறது.

சில நோய்கள் ஒரே மரபணுவின் பழுதால் வருவன. அவற்றைக் குடும்ப வழியில் தேடிக் காண்பது ஓரளவு எளிது. நீரிழிவும் இதயநோயும் குருதி அழுத்தமும் அத்தகையன அல்ல. அவற்றில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கெடுக்கின்றன. ஒரு தேரை ஒருவன் இழுத்தால் அவனைச் சுட்டிக் காட்டலாம். ஊரே கூடி இழுக்கும்போது யார் கை எவ்வளவு இழுத்தது என்று எப்படிச் சொல்வது? ஆயிரக்கணக்கான மனிதர்களை ஒப்பிட்டாலன்றி அது புலனாகாது.

இத்தேடலுக்கு வடகடலில் உள்ள ஐஸ்லாந்துத் தீவு பெருந்துணை செய்தது. காரி ஸ்டெஃபான்சன் என்னும் மருத்துவ அறிஞர் 1996-இல் தம் தாய்நாடாகிய அத்தீவுக்குத் திரும்பி, ரெய்க்யவிக் நகரில் ‘டிகோட்’ என்னும் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நாட்டின் மக்கள்தொகை அப்போது மூன்று லட்சத்தையும் எட்டவில்லை. ஆனால், அம்மக்களிடம் வேறெங்கும் எளிதில் கிட்டாத ஒரு செல்வம் இருந்தது. இன்னாருக்கு இன்னார் மகன், இன்னாருக்கு இன்னார் மகள் என்று பல நூற்றாண்டுகளாகக் குடிவழியை எழுதி வைத்திருந்தார்கள். தொலைவில் வாழும் இரு நோயாளிகளுக்கு எத்தனை தலைமுறைக்கு முன்னே பொதுவான பாட்டனார் இருந்தார் என்பதை அந்த ஏடுகள் காட்டின. குருதியில் கண்டதும் ஏட்டில் கண்டதும் ஒன்றையொன்று விளக்கின. 2006-இல் அந்நிறுவனத்தார், நீரிழிவோடு தொடர்புடைய ஒரு மரபணு மாற்றத்தை வெளியிட்டனர். அம்மாற்றத்தை ஒரு படியில் பெற்றவருக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இரு படியிலும் பெற்றவருக்கு இரு மடங்குக்கும் மேல். அடுத்த ஆண்டே சென்னை ஆய்வாளர்கள் அந்நகரத்து மக்களைச் சோதித்து, தமிழரிடத்தும் அந்தத் தொடர்பு உண்டெனக் காட்டினர். பனிநாட்டு மீனவனின் குருதியிலும் சென்னைத் தெருவில் நடப்பவனின் குருதியிலும் ஒரே எழுத்துப் பிழை! ‘இந்தியர் குருதி’ என்று தனித்துப் பழிப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

தென்னாசியருக்கே உரிய மாற்றங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றின் வரலாறு தமிழ் மாணவர் அறிந்திருக்க வேண்டியது. இதயத் தசையின் புரதம் ஒன்றை ஆக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை, 2003-இல் ஆய்வாளர்கள் இந்தியக் குடும்பங்கள் இரண்டில் கண்டனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும், ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும், பிறநாட்டு அறிஞரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். 2009-இல் முடிவு வெளிவந்தது. அவ்வெழுத்துகள் விடுபட்டவருக்கு இதயம் தளரும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு என்று அவ்வாய்வு கணக்கிட்டது. இந்தியத் துணைக்கண்டத்து வழிவந்தோரில் நூற்றுக்கு நால்வரிடம் அது காணப்பட்டது. கடல் கடந்து இலங்கையிலும், இந்தோனேசியாவிலும், மலேசியாவிலும் அது தென்பட்டது. பாய்மரத்தில் வந்த வணிகனோ, நீராவிக் கப்பலில் வந்த கூலியோ, தான் சுமப்பதை அறியாமலேயே அதைச் சுமந்து வந்திருக்கக்கூடும்.

இத்துணைத் தீங்கானது ஏன் அழியாமல் இறங்கி வந்தது? அறிஞர் தந்த விளக்கம் எளிமையானது. இளமையில் உடலின் செல்கள் பழுதுற்ற புரதத்தைக் களைந்துவிடுகின்றன, வயது ஏறும்போது அத்திறன் குறைகிறது, பழுது தேங்குகிறது. நோய் தலைகாட்டும்போது மனிதன் நடுவயதைக் கடந்துவிடுகிறான். அதற்குள் அவன் பிள்ளைகளைப் பெற்றுவிடுகிறான்; ஏடு கைமாறிவிடுகிறது.

இக்கதை இத்துடன் முடியவில்லை. 2020-இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. விடுபட்ட அந்த 25 எழுத்துகளே இதயத் தசை தடித்துப் போகும் நோய்க்குக் காரணமல்ல. அவற்றைச் சுமப்பவருள் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் மற்றொரு மாற்றமும் சேர்ந்து வருகிறது. இடருக்குப் பெரும்பாலும் அதுவே காரணம் என்று அது காட்டியது. முதலில் வந்த செய்தியைப் படித்து அஞ்சியவருள் பலர் அஞ்சத் தேவையில்லை என்பது இதன் பொருள். அறிவியல் தன் சொல்லைத் தானே திருத்திக்கொள்ளும். ‘பரம்பரை வியாதி’ என்னும் ஊர்ப் பேச்சு அவ்வாறு திருந்துவதில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் விளக்க இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆய்வு இன்று எவ்வளவு விரிந்துள்ளது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2024-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபுச் செய்திகள் ஒப்பிடப்பட்டு, நீரிழிவோடு தொடர்புடைய 611 இடங்கள் அடையாளம் காணப்பட்டன. இவ்வகைக் கண்டுபிடிப்புகளையெல்லாம் கூட்டி, ‘இவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு இவ்வளவு’ என்று மதிப்பெண் இடும் முறையும் தோன்றியுள்ளது. ஆனால், இத்துறையில் நெடுங்காலம் ஆராயப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். அவர்களைக் கொண்டு செய்த அளவுகோல் பிற மக்களிடம் அத்துணைச் சரியாக அளப்பதில்லை. பிறர் அளவுக்குத் தைத்த சட்டை தோளில் பிடிக்கத்தானே செய்யும்? இக்குறையைப் போக்கும் முயற்சிகளுள் ஒன்று மலேசியாவிலேயே நடந்தது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ரஹ்மான் ஜமால் என்னும் பேராசிரியரின் தலைமையில், 35 முதல் 70 வயது வரையிலான 106,527 பேர் 2012-க்குள் சேர்க்கப்பட்டனர். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரும் அதில் இடம்பெற்றனர். அத்தகைய ஆய்வுக்குத் தமிழர் ஒருவர் மனமொப்பிக் குருதி தரும்போது, அவர் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சரியான அளவுகோலைச் செய்து தருகிறார்.

இங்கே ஒன்றை ஆழ்ந்து நோக்க வேண்டும். பாட்டனிடம் இருந்த மரபணுக்கள்தாம் பேரனிடமும் உள்ளன. இரண்டு தலைமுறையில் ஒரு மக்களின் மரபு ஏடு மாறிவிடாது. ஆனால், பாட்டனின் வாழ்க்கையும் பேரனின் வாழ்க்கையும் ஒன்றா? பாட்டன் விடியுமுன் பிரட்டுக்கு நின்றான். நூற்றுக்கணக்கான மரங்களை நடந்து நடந்து வெட்டினான். பால் வாளியைச் சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கினான். பேரன் தஞ்சோங் கிளிங் தொழிற்பேட்டைக்குப் பேருந்தில் செல்கிறான். எட்டு மணி நேரம் ஓரிடத்தில் நின்றோ அமர்ந்தோ வேலை செய்கிறான். இரவு வேலை முடிந்து வந்து, டின் பால் ஊற்றிய தே தாரிக்கும் ரொட்டி சானாயும் உண்டு உறங்குகிறான். அவனைக் குறை கூறுவது எளிது. வேலை நேரத்தை அவன் வகுக்கவில்லை. நடக்க ஏற்ற பாதையில்லாத குடியிருப்பை அவன் கட்டவில்லை. ஆயினும், அதே ஏடு வேறொரு வாழ்க்கையில் வேறாகப் படிக்கப்படுகிறது என்பதே உண்மை. பாட்டனின் உடலில் உறங்கிக் கிடந்தது பேரனின் உடலில் விழித்துக்கொண்டது.

அப்படியானால், விழித்ததை மீண்டும் உறங்கச் செய்ய முடியுமா? சென்னையில் அ. இராமச்சந்திரன் என்னும் நீரிழிவு மருத்துவரும் அவர்தம் குழுவினரும் செய்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை அவர்கள் மூன்றாண்டுகள் வரை கண்காணித்தனர். 2006-இல் முடிவு வெளிவந்தது. வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து, உணவையும் ஒழுங்கு செய்துகொள்ளுமாறு தொடர்ந்து வழிகாட்டப்பட்டோருள் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 39 ஆகக் குறைந்தது. மருந்து உண்டோரும் ஏறக்குறைய அதே அளவே பயன் பெற்றனர். இரு சாராரும் ஒரே மக்கள், ஒரே மரபினர். வேறுபட்டது மரபன்று, நாளின் ஒழுங்கு. நடந்தவருள்ளும் 39 பேருக்கு நோய் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. நோயுற்றவரை ‘நீ சோம்பேறி’ என்று பழிப்பது அறிவுடைமையாகாது. நூற்றுக்குப் பதினாறு பேர் அந்நாளில் தப்பினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ‘தலையெழுத்து’ என்று அமர்ந்துவிடுவதும் அறிவுடைமையாகாது.

இவ்வளவு அறிந்தும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தடை எஞ்சி நிற்கிறது. அது மௌனம். பெண் கேட்டு வருவோரிடம் தந்தையின் நோயைச் சொல்வதில்லை. ‘மாரடைப்பில் இறந்தார்’ என்பதை ‘திடீரென்று போய்விட்டார்’ என்று மாற்றிச் சொல்வர். பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள், இரு வீட்டிலும் என்ன நோய் இருந்தது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. மறைப்பவரைக் குற்றம் சொல்லவும் மனம் வருவதில்லை. மகளின் வாழ்வு கெட்டுவிடுமோ என்னும் அச்சம் அவ்வாறு செய்யத் தூண்டுகிறது. ஆனால், மறைத்த செய்தி மருமகனுக்கு மட்டுமா தெரியாமல் போகிறது? பெற்ற பிள்ளைக்கும் தெரியாமல் போகிறது. முப்பது வயதில் ஒருமுறை குருதியைச் சோதித்திருந்தால் தப்பியிருக்கக் கூடியவன், காரணம் அறியாமலேயே சாய்கிறான். பாட்டன் நிலம் விட்டுச் செல்லவில்லை. விட்டுச் சென்றிருக்கக்கூடிய எச்சரிக்கையும் மௌனத்தில் புதைந்துவிடுகிறது.

ஐஸ்லாந்தியர் நூற்றாண்டுகளின் குடிவழியை எழுதி வைத்தனர். தோட்டத்துத் தமிழருள் பலருக்குக் கொள்ளுப்பாட்டனின் ஊர்ப்பெயரும் தெரியாது. இழந்த ஏட்டை முழுதும் மீட்க இயலாது. எனினும், மூன்று தலைமுறையை எழுதத் தடையேதும் இல்லை. பாட்டன், பாட்டி, பெற்றோர், அவர்தம் உடன்பிறந்தார் ஆகியோர் யாவர், எந்த நோய் எந்த வயதில் வந்தது, எந்த வயதில் மறைந்தனர் என்பதை ஒரு தாளில் குறிக்கலாம். மரபணுச் சோதனைக்குப் பணம் வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு பென்சிலும், பேசத் துணிந்த ஒரு பாட்டியும்தான். மருத்துவர்கள் இன்றும் முதலில் கேட்பது இந்தக் குடும்ப வரலாற்றைத்தான். தமிழாசிரியர் உறவுமுறைச் சொற்களைக் கற்பிக்கும்போது, சித்தப்பா, பெரியம்மா, தாய்மாமன், அத்தை என்று தமிழ் எத்துணை நுட்பமாக உறவைப் பிரித்துச் சொல்கிறது என்பதைக் காட்டலாம். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் தாய்வழியா தந்தைவழியா என்று காட்டுவதில்லை, தமிழ் காட்டுகிறது. மரபியலாளருக்கு வேண்டிய பகுப்பு அம்மொழியிலேயே இருக்கிறது.

அத்தாள் வகுப்பில் உரக்கப் படிப்பதற்குரியதன்று, வீட்டுக்குரியது. ஐஸ்லாந்தில் ஒரு மகள், இறந்துபோன தன் தந்தையின் மருத்துவக் குறிப்புகளை நாட்டுப் பொதுத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்று வழக்காடினாள். தந்தையின் குறிப்பு தன்னைப் பற்றியும் சொல்லும் என்பது அவள் வாதம். 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவள் உரிமையை ஏற்றது. குருதிவழிச் செய்தி ஒருவருக்கு மட்டும் உரியதன்று, குடும்பத்துக்கே உரியது. ஆகவே அது காக்கப்பட வேண்டியது. காப்பது வேறு, புதைப்பது வேறு.

தந்தை விட்டுச் சென்ற கடனை அறிந்த மகன், அதைச் சிறுகச் சிறுக அடைக்கும் வழியைத் தேடுகிறான். அறியாத மகனின் வீட்டுக் கதவை ஒருநாள் கடன்காரன் வந்து தட்டுகிறான். கடன் இருவருக்கும் ஒன்றே. முன்னவனுக்குக் கிடைத்தது, அடைப்பதற்கான காலம். அந்தக் காலத்தைப் பிள்ளைகளுக்குத் தருவது, பேசாமல் இருக்கும் பெரியவர்களின் கையில் உள்ளது.